மைனஸ் முந்நூற்றிருபத்தைந்து சதவீதம்

கைபேசிச் செயலி உருவாக்கும் படிப்புக்கான பாடப்புத்தகம் பதினெட்டுப் பக்கம். அதே படிப்பில் மாணவர்கள் குழுவாகச் செய்ய வேண்டிய வேலைக்கான விதித்தொகுப்பு இருபத்தாறு பக்கம். பாடம் நடத்துகிறவருக்கு எதில் பிடிப்பு அதிகம் என்பதை வகுப்பு முதல் நாளே எடைபோட்டுவிட்டது. எதைக் கேட்டாலும் "பிரிவு ஒன்பதைப் பாருங்க", "அது பிரிவு பதினாலுல இருக்கு" என்று சொல்லி நகர்ந்துவிடுவதால் அவருக்குப் பிரிவு சார் என்று பெயர் விழுந்தது. பெயர் அவர் காதுக்கும் எட்டியது. மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

விதித்தொகுப்பை நான்கு ஆசிரியர்கள் அடங்கிய குழு எழுதியதாக அட்டையில் அச்சிட்டிருந்தது. மற்ற மூவரும் அட்டையைத் தாண்டி உள்ளே வந்ததற்கு எந்தத் தடயமும் இல்லை.

பிரிவு ஒன்று, இந்த விதித்தொகுப்பு ஒவ்வொரு குழுவின் பணியிலும் பிரிக்க இயலாத அங்கம் என்றது. பிரிவு மூன்று, குழு என்றால் மூவர் என்றது. இருவர் இருந்தால் அது குழுவாகாது, நால்வர் இருந்தால் அது கூட்டம். கருத்து வேறுபாடு எழுந்தால், எழுவதற்கு மூன்று நாள் முன்பே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்றது பிரிவு ஒன்பது. வேலை செய்யாத உறுப்பினரைக் குழுவிலிருந்து நீக்கலாம். அதற்கு அவருடைய எழுத்துப்பூர்வ ஒப்புதலும் ஊக்கமான ஒத்துழைப்பும் தேவை. அது பிரிவு பதினொன்று.

அந்த வகுப்பில் படித்த நர்ஸக்கா இவற்றையெல்லாம் அடிக்கோடிட்டுப் படித்திருந்தாள். மருந்துச் சீட்டைப் படிப்பது போல எதையும் இரண்டு முறை படிக்கிற பழக்கம் அவளுக்கு. ஒரு மருத்துவமனையில் பதினொரு வருடம் வார்டில் நின்று, கெண்டைக்கால் நரம்புகள் வரைபடம் போலப் புடைத்துக்கொண்ட பிறகு, அங்கே பதிவேட்டுப் பிரிவில் கணினி முன்னால் உட்காரும் ஓர் இடம் காலியானது. இந்தப் படிப்பின் சான்றிதழ் இருந்தால் இடம் அவளுக்கு. கடைசி நாள் இன்று, வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி. "அஞ்சு அஞ்சுக்குக் கொண்டுவந்து கண்ணைக் கசக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்றிருந்தார் மேலாளர். ஐந்து மணிக்குள் வராவிட்டால் இடம் அவருடைய மச்சினிச்சிக்கு. மச்சினிச்சியிடம் எந்தச் சான்றிதழும் கேட்கப்படாது என்பது மருத்துவமனை முழுக்கத் தெரிந்த சங்கதி.

காலை பத்து மணிக்குக் கணினிக்கூடத்துக் கதவில் தற்காலிகப் பட்டியலை ஒட்டினார்கள். நர்ஸக்கா தன் குழுவின் வரியைப் படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தாள்.

தலைவர்: 412.5 சதவீதம். கட்டைவிரல்: 12.5 சதவீதம். அவள்: மைனஸ் 325 சதவீதம். மூன்றையும் கூட்டினால் அழகாக நூறு வந்தது. பக்கத்தில் பிரிவு சாரின் கையெழுத்தும் வந்திருந்தது.

பட்டியலில் இயற்பெயர்கள்தான் இருந்தன. ஆனால் வகுப்பில் யாரும் அந்தப் பெயர்களைச் சொல்வதில்லை. தலைவர், முதல் சந்திப்பில் நாற்காலியை இழுத்துப் போடும் முன்பே "நானே லீடரா இருந்துடறேன்க்கா, உங்களுக்கு எதுக்கு சிரமம்?" என்று சிரமத்தை ஏற்றுக்கொண்ட இளைஞன். கட்டைவிரல், குழுவின் அரட்டையில் என்ன செய்தி வந்தாலும் உயர்த்திய கட்டைவிரல் படம் ஒன்றை மட்டும் அனுப்புகிறவன். அவன் குரல் எப்படி இருக்கும் என்பது பன்னிரண்டு வாரமாக யாருக்கும் தெரியாது.

செயலி எளிமையானது. மருத்துவமனையில் இப்போது எத்தனையாவது நோயாளியைக் கூப்பிடுகிறார்கள் என்பதைக் கைபேசியில் காட்டும். பெஞ்சில் மணிக்கணக்காகக் காத்திருக்க வேண்டாம். யோசனையும் நர்ஸக்காவுடையது, உழைப்பும் அவளுடையது. தலைவர் செய்தவை இரண்டு. முதலாவது, செயலிக்கு நிறம் தேர்ந்தெடுத்தான். அதற்கு நான்கு வாரம் ஆனது, கடைசியில் நீலம். இரண்டாவது, உலக வரைபடம் காட்டும் ஏதோ ஒரு மாதிரி நிரலை இணையத்திலிருந்து அப்படியே அள்ளிக்கொண்டுவந்து குழுவின் ரெப்போவில் கொட்டினான். ரெப்போ என்பது மூவரும் எழுதுகிற நிரல் போய்ச் சேரும் பொது இடம். விதித்தொகுப்பு அதை நிரற்களஞ்சியம் என்று சொல்லும். கொட்டியது பதினாறாயிரத்து நானூறு வரி. முப்பது அடி நடந்தால் மருந்து வாங்குமிடம் வந்துவிடுகிற மருத்துவமனைக்கு உலக வரைபடம் எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை. செயலிக்கும் புரியவில்லை, அன்றிலிருந்து திறந்ததும் மூடிக்கொண்டது. நர்ஸக்கா இரண்டு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டு காரணத்தைக் கண்டுபிடித்து, மொத்தத்தையும் அழித்தாள். செயலி ஓடியது. "அக்கா சூப்பர்" என்றான் தலைவர். கட்டைவிரல் கட்டைவிரலை உயர்த்தினான்.

பட்டியலைக் கதவிலிருந்து உரித்துக்கொண்டு நேராகப் பிரிவு சாரின் அறைக்குப் போனாள். அவர் துளையிடும் கருவியால் காகிதங்களுக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க சிஸ்டர். உக்காருங்க. நானே கூப்பிடணும்னு இருந்தேன். இந்தப் படிப்பு தொடங்கின நாள்லேருந்து மைனஸ்ல பங்களிச்ச முதல் ஆள் நீங்கதான்."

"சார், இது எப்படி சார் வரும்? அந்த ஆப்பை எழுதினதே நான்தான்."

"பிரிவு பதினாலு. ஒருத்தர் சேர்த்த வரியிலேருந்து அவர் அழிச்ச வரியைக் கழிச்சா, அதான் அவர் பங்களிப்பு. நீங்க மூவாயிரத்து நானூறு சேர்த்திருக்கீங்க. பதினாறாயிரத்து நானூறு அழிச்சிருக்கீங்க. மைனஸ் பதிமூணாயிரம். மெஷின் பொய் சொல்லாது."

"நான் அழிச்சது குப்பை சார். அது இருந்தா ஆப்பே திறக்காது."

"குப்பையா இல்லையான்னு மெஷின் பார்க்காது சிஸ்டர். அதான் அதோட நேர்மை."

"ஒரு ஆளுக்கு நானூத்திப் பன்னெண்டரை சதவீதம்னு போட்டிருக்கே, அது உங்க கண்ணை உறுத்தலையா சார்?"

பிரிவு சார் பட்டியலை வாங்கிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. "நல்ல பையன்" என்றார்.

நர்ஸக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள். "பிரிவு பதினேழுல, வெளியார் ஆக்கத்தைக் காப்பியடிக்கக் கூடாதுன்னு இருக்கே. அவன் கொண்டுவந்தது முழுக்க வெளியார் கோடு."

"அப்படியா? இப்போ ரெப்போல இருக்கா?"

"இல்ல சார். நான்தான் அழிச்சிட்டேனே."

"பார்த்தீங்களா." அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "சாட்சியத்தையும் நீங்களே அழிச்சிட்டு வந்து நிக்கறீங்க."

"பழைய பதிப்பு எல்லாம் ரெப்போலயே பத்திரமா இருக்கும் சார். திறந்தா தெரியும்."

"மதிப்பீட்டாளர் நிரலைத் திறந்து பார்க்கக் கூடாது. பிரிவு இருபது. திறந்து பார்த்தா பாரபட்சம் வந்துடும்." துளைகளைச் சரிபார்த்தார். "பத்து சதவீதத்துக்குக் கீழ இருந்தா செயலற்ற உறுப்பினர். சான்றிதழ் கிடையாது. ஆட்சேபணை இருந்தா பிரிவு இருபத்திரண்டுப்படி மனு கொடுங்க. மூணு பேரும் கையெழுத்து போடணும். பத்து வேலை நாள்ல பதில் வந்துடும்."

"எனக்கு இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள சான்றிதழ் வேணும் சார். பதினொரு வருஷம் நின்னாச்சு."

"ரெப்போ ரெண்டு மணி வரைக்கும் திறந்திருக்கும். அதுக்குள்ள ஏதாவது பங்களிங்க. நான் தடுக்கலையே" என்றார் பிரிவு சார், பெரிய மனதுடன்.

படியிறங்கும்போது கணவன் அழைத்தான். அவன் மின்தூக்கி பழுதுபார்ப்பவன். பேசும்போதெல்லாம் பின்னணியில் ஏதாவது ஓர் இரும்பு முனகிக்கொண்டிருக்கும்.

"வாங்கிட்டியா? என் தங்கச்சிகிட்ட சொல்லிட்டேன், உங்க அண்ணிக்கு இனிமே சுத்துற நாற்காலின்னு."

"அதுக்குள்ள ஏன் சொன்னீங்க? எனக்கு மைனஸ் முந்நூத்தி இருபத்தஞ்சு போட்டிருக்காங்க."

"எங்க தொழில்ல மைனஸ் ரெண்டு வரைக்கும்தான் பார்த்திருக்கேன். வண்டி நிறுத்துற இடம். முந்நூத்தி இருபத்தஞ்சுன்னா தண்ணியே வந்துடுமே."

"வைங்க போனை."

தலைவர் சிற்றுண்டிச்சாலையில் இருந்தான். பிற்பகல் மூன்று மணிக்குத் துறைத் தலைவர் முன்னால் செயலியைக் காட்ட வேண்டும். அதற்காகப் புதுச் சட்டை போட்டு, மடிப்புக் கலையாமல் நின்றபடியே தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். நர்ஸக்கா வழியிலேயே யோசித்துவைத்திருந்தாள்.

"தம்பி, ஒண்ணு செய்யலாம். அந்த வரைபடக் குப்பையை நான் அழிச்சதை ரத்து பண்ணிடறேன், அது திரும்ப வந்துடும். உடனே நீ உன் கணக்குலேருந்து அதை அழிச்சிடு. கொட்டின ஆளே அள்ளினதா ஆயிடும். எனக்கு மைனஸ் போயிடும், ஆப்பும் நல்லா ஓடும்."

"போட்டது நான்தானேக்கா, அழிச்சா போச்சு. சரி, எனக்கு எவ்ளோ வரும்?"

அவள் ஏற்கெனவே கணக்குப் போட்டிருந்தாள். பொய் சொல்ல வரவில்லை. "ரெண்டரை."

"நானூத்திப் பன்னெண்டரையா இருக்கிறவனை ரெண்டரைக்கு வரச் சொல்றீங்களா?"

"நீயா எழுதினது நூறு வரிதானே தம்பி."

"அக்கா, நான் எழுதற ஆள் இல்லக்கா. வழிநடத்துற ஆள்." தேநீரை ஊதினான். "நான் அனுப்பின பட்டியல் போட்டோவை எங்கப்பா சொந்தக்காரங்க எல்லாருக்கும் அனுப்பிட்டாரு. பெரியப்பா பையன் தொண்ணூத்தெட்டுக்கே வீட்ல ஆடினான். நான் நானூறு. இப்போ போய் ரெண்டரைன்னா, எங்கப்பா மூஞ்சியைப் பாருங்க நீங்க."

"அப்போ என் மூஞ்சியை யாருடா பார்க்கிறது?"

"நீங்க ஸ்ட்ராங்கான ஆளுக்கா" என்று சொல்லிவிட்டு, சட்டையில் சிந்தாமல் மீதித் தேநீரைக் குடித்தான்.

அதற்கு மேல் அங்கே நின்றால் சட்டைக்கு உத்தரவாதம் இல்லை என்று நர்ஸக்காவுக்கே தெரிந்தது. கணினிக்கூடத்துக்குத் திரும்பினாள். மணி பன்னிரண்டே முக்கால். வெறுப்போடு விதித்தொகுப்பைப் பிரித்தாள். பிரிவு ஒன்று: இந்த விதித்தொகுப்பு ஒவ்வொரு குழுவின் பணியிலும் பிரிக்க இயலாத அங்கம். இரண்டு முறை படித்தாள். மூன்றாம் முறையும் படித்தாள். பிரிக்க இயலாத அங்கத்தைப் பன்னிரண்டு வாரமாக வெளியே வைத்திருந்தது அவர்கள் குழுவின் குற்றம்தானே. அதைச் சேர்ப்பதைக் காப்பியடித்தல் என்று யார் சொல்ல முடியும்? இருபத்தாறு பக்கம், பக்கத்துக்கு முப்பது வரி. ஆக எழுநூற்று எண்பது வரி. எத்தனை முறை சேர்க்க வேண்டும் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை.

சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. மூவாயிரத்து நானூறு வரியை ஒவ்வொன்றாக எழுதியவள், தேர்ச்சி பெறுவதற்காகப் பிரிவு சாரின் உரைநடையைப் படியெடுக்க உட்கார்ந்திருந்தாள்.

குழந்தைக்கு மருந்தளவு கணக்கிடுவது போலத் துண்டுத்தாளில் கணக்குப் போட்டாள். இருபது படி சேர்த்தால் மைனஸ் பதிமூன்றாயிரம், பிளஸ் இரண்டாயிரத்து அறுநூறாகும். மொத்தத்தில் பதின்மூன்று சதவீதம், தேறிவிடுவாள். வழக்கம் போல இரண்டாம் முறை சரிபார்த்தபோது ஒன்று இடித்தது. குழுவின் மொத்தம் அப்படி வீங்கினால், கட்டைவிரலின் ஐந்நூறு வரி இரண்டரை சதவீதமாகச் சுருங்கிவிடும். இவள் பிழைத்தால் அவன் போவான்.

அரட்டையில் எழுதினாள்: "உடனே உன் கணக்குலேருந்து விதித்தொகுப்பை மூணு தடவை ரெப்போல சேர். ரெண்டு பத்தாது, ஒம்போது புள்ளி ஏழுதான் வரும். ரெண்டு மணிக்குள்ள. சரியா?"

கட்டைவிரல் வந்தது. வரி எதுவும் வரவில்லை. ஒன்று பத்துக்கு மறுபடி கேட்டாள். மறுபடி கட்டைவிரல். ஒன்று இருபதுக்குப் பொறுமை இழந்து அவனை அழைத்தாள். அவளுடைய முதுகுக்குப் பின்னால், கடைசி வரிசையில், ஒரு கைபேசி அதிர்ந்தது.

"இங்கதான் இருக்கேன்க்கா" என்றது கனமான, மரியாதையான ஒரு குரல். வானொலியில் செய்தி வாசிக்கலாம்.

"அடப்பாவி! இங்க உக்காந்துக்கிட்டா கட்டைவிரலைத் தூக்குறே? ஏன்டா இன்னும் சேர்க்கல?"

"உள்ள போக முடியாதுக்கா. பாஸ்வேர்டு மறந்துபோச்சு."

"எப்போ?"

"மூணாவது வாரம்."

நர்ஸக்கா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "இது பன்னெண்டாவது வாரம். ஒம்போது வாரமா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீங்க கேக்கலையேக்கா. ஒவ்வொரு தடவையும் இதைச் செய், அதைச் செய்ன்னு போட்டு, கடைசியில சரியான்னு கேட்டீங்க. நீங்க சொன்னது எல்லாம் சரியாத்தான் இருந்தது."

வார்டில் பதினொரு வருடம் "வலி இருக்கா?" என்று கேட்டு, பதிலுக்காக நின்று பழகியவள் அவள். இவனிடம் ஒரு நாளும் நிற்கவில்லை.

புதிய கடவுச்சொல் பெறுவதற்கும் ஒரு பிரிவு இருந்தது. பிரிவு ஆறு: குழுவின் தலைவர் தமது கைபேசியில் ஒப்புதல் அளிக்க வேண்டும். இருவரும் சிற்றுண்டிச்சாலைக்கு ஓடினார்கள். தலைவர் இன்னும் நின்றுகொண்டிருந்தான்.

விஷயத்தைக் கேட்டதும் அவன் சட்டைக்காலரைச் சரிசெய்தான். "கணக்கைத் திறந்து விட்டா எனக்கு எவ்ளோக்கா?"

"எழுபத்தஞ்சு."

"நானூத்திப் பன்னெண்டுலேருந்து எழுபத்தஞ்சா? மனசாட்சியே இல்லையாக்கா உங்களுக்கு?"

"தம்பி, மணி ஒண்ணு முப்பத்தஞ்சு. இவன் பிழைப்பு உன் விரல்ல இருக்கு. அமுக்கு."

தலைவர் யோசித்தான். யோசனை அவனுக்குப் பழக்கமில்லாததால் நேரம் பிடித்தது. "சரி. ஆனா மூணு மணிக்கு நான் மட்டும்தான் பேசுவேன். ஐடியாலேருந்து எல்லாமே என்னோடதுன்னு. நடுவுல நீங்க ரெண்டு பேரும் வாயைத் திறக்கக் கூடாது."

கட்டைவிரல் நர்ஸக்காவைப் பார்த்தான். அவன் பங்குக்கு விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. பன்னிரண்டு வாரமாக அவன் வாயைத் திறக்கவில்லை. அவளுக்கு இருந்தது. நோயாளிகள் பெஞ்சில் தூங்கி விழுவதைப் பார்த்துப் பார்த்து அவள் மனதில் வந்த செயலி அது. எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், முதியவர்களுக்குக் கண் தெரியாது என்று எண்களின் அளவை ஆறு முறை மாற்றியவள் அவள்.

"அமுக்குடா" என்றாள்.

நர்ஸக்காவின் இருபது படிக்குப் பிறகு, ஒன்று ஐம்பத்தேழுக்குக் கட்டைவிரலின் மூன்றாவது படியும் ஏறியது. இரண்டு மணிக்கு ரெப்போ மூடியது. தலைவர் 75.2. கட்டைவிரல் 12.9. நர்ஸக்கா 11.9.

மூன்று மணிக்குத் துறைத் தலைவர் வந்தார். தலைவர் வணக்கம் வைத்து, "நோயாளிகள் காத்திருப்பதைப் பார்த்து என் மனசு தாங்கலை சார்" என்று ஆரம்பித்தான். அவன் எந்த மருத்துவமனைக்குள்ளும் போனதில்லை. நர்ஸக்கா தரையில் பதித்த சதுரக் கற்களை எண்ணினாள். செயலி பிசகாமல் ஓடியது. எண்ணின் அளவைப் பார்த்த துறைத் தலைவர், "எழுத்து நல்லா பெருசா இருக்கே, யார் யோசனை?" என்றார்.

தலைவர் அடக்கமாகத் தலையைக் குனிந்தான். நர்ஸக்கா நாற்பத்து மூன்று கல் வரை எண்ணியது மறந்துபோய், முதலிலிருந்து எண்ணினாள்.

துறைத் தலைவருக்கு எந்தப் பிரிவும் பொருந்தாது என்பதால் அவர் ரெப்போவைத் திறந்து ஒரு கோப்பைத் தட்டினார். விதித்தொகுப்பு விரிந்தது. இன்னொன்றைத் தட்டினார். அதுவும் விதித்தொகுப்பு.

"என்னய்யா இது? எங்க தொட்டாலும் உங்க விதியா இருக்கு?"

பிரிவு சார் திரையை நெருங்கி, தம் வாக்கியங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். திரையை விரலால் தடவினார்.

"பிரிவு ஒன்று சார்" என்றார். "இத்தனை வருஷத்துல ஒரு குழுகூட அதைச் செஞ்சதில்ல. இவங்க இருபத்துமூணு தடவை செஞ்சிருக்காங்க."

துறைத் தலைவர் ரெப்போவை மூடிவிட்டு, அடுத்த குழுவுக்குப் போனார்.

மூன்று ஐம்பதுக்குப் பிரிவு சாரின் அறை வாசலில் நர்ஸக்கா நின்றாள். சான்றிதழ் தயாராக இருந்தது. அதை வாங்கும் முன் சக உறுப்பினர் மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்ப வேண்டும். தலைவருக்கு ஐந்துக்கு எத்தனை? ஐந்துக்குக் குறைத்தால் முந்நூறு சொற்களில் காரணம் எழுதி, குறைக்கப்பட்டவரின் கையெழுத்தும் வாங்க வேண்டும். பேருந்து நான்கு ஐந்துக்கு. ஐந்து என்று போட்டாள். பேனாமுனை தாளைக் கிழித்தது. கட்டைவிரலுக்கும் ஐந்து. தனக்குத்தானே போட வேண்டிய கட்டத்தின் கீழ் சிறிய எழுத்தில் இருந்தது: பதினைந்து சதவீதத்துக்குக் குறைவாகப் பங்களித்தோர் தமக்கு இரண்டுக்கு மேல் அளித்துக்கொள்ளலாகாது.

இரண்டு என்று போட்டாள்.

பிரிவு சார் படிவத்தைச் சரிபார்த்துத் துளையிட்டார். "கோவிச்சுக்காதீங்க சிஸ்டர், நல்லதுக்குத்தான் சொல்றேன். அந்தத் தம்பியைப் பார்த்துக் கத்துக்கோங்க. இனிமே எந்தக் குழுவுல இருந்தாலும் கொஞ்சம் இறங்கி வேலை செய்யுங்க."

அவளிடம் பதில் இருந்தது. பன்னிரண்டு வாரமாகச் சேர்ந்த பதில். சுவரில் மணி மூன்று ஐம்பத்தாறு.

"சரிங்க சார். முத்திரை."

அவர் சான்றிதழில் முத்திரையைக் குத்தி நீட்டினார். நர்ஸக்கா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வட்டத்தின் பாதி விழவே இல்லை. மேலாளருக்கு இந்தப் பாதி போதும், மச்சினிச்சியைக் கூப்பிடுவதற்கு.

சான்றிதழை மறுபடியும் மேசையில் வைத்தாள்.

"சரியா விழலை சார். இன்னொரு தடவை குத்துங்க."

"அதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் சிஸ்டர். போதும்."

"போதாது சார்" என்றாள் நர்ஸக்கா. மைப்பெட்டியைத் திறந்து அவர் கைக்கு அருகில் நகர்த்திவிட்டு, அசையாமல் நின்றாள். "நல்லா அமுக்கிக் குத்துங்க."

குத்தினார்.